சுழன்றும் கிளம்பாத எந்திரம்

மோட்டார் வண்டியொன்றின் திறப்பைத் திருப்புகின்றோம். எந்திரம் சுழலும் ஒலி கேட்கின்றது. எனினும் அது தானாக இயங்கத் தொடங்கவில்லை. மீண்டும் திருப்புகின்றோம், மீண்டும் அதே ஒலி. சிறிது நேரத்தில் அவ்வொலியும் மெலிந்து, பற்றறி வலுவிழந்து, முன்பு இருந்த குறையோடு புதியதொரு குறையும் சேர்ந்துவிடுகின்றது. அலுவலுக்குச் செல்பவனுக்கு இஃது ஓர் இடர். நோயாளியொருவரைப் பின்னிருக்கையில் இருத்தி மருத்துவமனைக்குப் புறப்படுபவனுக்கோ பேரிடர். இத்தகைய வேளையில் மனிதர் செய்வன பெரும்பாலும் இரண்டு. ஒன்று, திறப்பை ஓயாது திருப்புதல். மற்றையது, ஐயுற்ற உறுப்பையெல்லாம் மாற்றுதல். இரண்டும் பயனற்றவை. காரணம் காண்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கினைப் பெற்றோல் எந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். எந்திரம் சுழல்வது வேறு, இயங்குவது வேறு. சுழற்றுவது ஸ்ராட்டர் மோட்டார்; அதற்கு வலுவளிப்பது பற்றறி. இயக்குவதோ எரிபொருளின் தகனம். 1912 ஆம் ஆண்டின் கடிலாக் வண்டிகளில் மின் ஸ்ராட்டர் இடம்பெறுவதற்கு முன்னர், சுழற்றும் தொழிலை மனிதனே கைப்பிடி கொண்டு செய்துவந்தான். ஆகவே ஸ்ராட்டர் என்பது மனிதனுடைய கைக்குப் பதிலாக அமைந்ததேயன்றி வேறில்லை. எந்திரம் வழக்கமான வேகத்தில் சுழலுமாயின், பற்றறியும் ஸ்ராட்டரும் அவற்றை இணைக்கும் தடித்த கம்பிகளும் பெரும்பாலும் குற்றமற்றவை என்பது பெறப்படும். சோம்பிச் சுழலுமாயின் நிலைமை வேறு. அப்பொழுது ஸ்ராட்டரே மின்னையெல்லாம் இழுத்துக்கொள்ள, தீப்பொறிக்கு வேண்டிய மின் குன்றிப்போதலும் உண்டு. 12 வோல்ற்றுப் பற்றறியின் அழுத்தம் சுழற்றும் வேளையில் ஏறக்குறைய 9.6 வோல்ற்றுக்குக் கீழ் இறங்குமாயின், அதனைச் சீர்செய்த பின்னரே ஏனையவற்றை ஆராய்தல் தகும்.

எந்திரம் உயிர்பெறுவதற்கு வேண்டுவன யாவை? ஜேர்மனியரான நிக்கொலஸ் ஓட்டோ 1876 ஆம் ஆண்டில் அமைத்த நான்கடி எந்திரத்தின் முறையே இன்றும் நிலவுகின்றது. பிஸ்ரன் கீழிறங்கும்போது காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்த கலவை உருளையினுள் நுழைகின்றது. மேலேறும்போது அக்கலவை அமுக்கப்படுகின்றது. அமுக்கம் நிறைவுறும் தறுவாயில் பிளக்கிலே தீப்பொறி பிறக்க, கலவை எரிந்து பிஸ்ரனைக் கீழே தள்ளுகின்றது. மீண்டும் மேலேறும்போது எரிந்த புகை வெளியேறுகின்றது. எனவே, தக்க கலவை, போதிய அமுக்கம், உற்ற நேரத்துத் தீப்பொறி என்னும் மூன்றும் கூடினாலன்றி எந்திரம் கிளம்பாது. சுழன்றும் கிளம்பவில்லையெனின் இம்மூன்றனுள் ஒன்றேனும் இல்லை என்பது உறுதி.

தமிழ் அளவைநூலார் கூறும் அளவைகளுள் 'ஒழிபு' என்பதும் ஒன்று. இருக்கக்கூடிய காரணங்களுள் அல்லாதனவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விலக்க, எஞ்சி நிற்பதே காரணமெனத் துணிதல் அதன் இயல்பு. எந்திரத்தின் குறை காண்பதற்கு இவ்வளவை பெரிதும் ஏற்றது. இதனோடு மற்றொரு கருத்தையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். நான்கு உருளைகள் கொண்ட எந்திரத்தில் ஒரு பிளக் பழுதுற்றால், எந்திரம் தடுமாறியேனும் இயங்கும். கிளம்பாது நின்றுவிடுவது அரிது. நான்கு பிளக்குகளும் ஒரே இரவில் பழுதாதலும் அரிது. ஆதலின், நேற்று நன்றாக ஓடிய வண்டி இன்று முற்றாகக் கிளம்ப மறுக்குமாயின், நான்கு உருளைகளுக்கும் பொதுவாயுள்ள ஓரிடத்திலேயே குறை இருத்தல் வேண்டும். கிளைகளை விடுத்து வேரை நாடுக என்பது இதன் பொருள்.

இனிச் சோதனை முறையை நோக்குவாம். தாங்கியில் எரிபொருள் உண்டா என்பதே முதல் வினா. அளவுகாட்டும் முள் பொய் கூறுதலும் உண்டாதலின், அதனை மட்டும் நம்புதல் கூடாது. இதன் பின்னர் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். பழைய முறை எந்திரங்களில் இவ்வொரு பிளக் இரண்டு சான்றுகளைத் தரும். அதன் முனை பெற்றோலால் நனைந்திருப்பின், எரிபொருள் உருளைவரை வந்துள்ளது, எரியவில்லை. முனை உலர்ந்திருப்பின், எரிபொருள் வந்து சேரவில்லை என ஐயுறுதல் தகும். பின்னர் அப்பிளக்கை அதன் கம்பியிற் பொருத்தி, உலோகப் பகுதி எந்திரத்தின் உடலைத் தொடுமாறு வைத்து, எந்திரத்தைச் சுழற்றுதல் வேண்டும். நீலநிறத் தீப்பொறி பளிச்சிட்டுத் தோன்றின் மின் வழி நன்று. மஞ்சள் நிறத்ததாய் மெலிந்து தோன்றினும், தோன்றாதொழியினும் குறை அவ்வழியில் உளது. கொயிலிலிருந்து வரும் மின் பல்லாயிரம் வோல்ற்று அழுத்தமுடையதாகையால், கம்பியை வெறுங்கையாற் பற்றலாகாது. பிளக் கழற்றிய துளையிலிருந்து பெற்றோல் ஆவி வெளிப்படுமாகையால் அதனருகே பொறியை எழுப்புதலும் ஆகாது.

தீப்பொறி இல்லையெனின் எங்கே தேடுவது? மொறிஸ் மைனர் வண்டியை எண்ணிப் பார்ப்போம். பற்றறியின் மின் கொயிலுக்குச் செல்கின்றது. டிஸ்ரிபியூற்றரினுள் உள்ள பொயின்றுகள் திறக்கும் கணத்தில் கொயிலிலே உயரழுத்தம் பிறக்கின்றது. அதனைச் சுழலும் ரோட்டர் 1, 3, 4, 2 என்னும் ஒழுங்கில் உருளைகளுக்குப் பங்கிடுகின்றது. பொயின்றுகளின் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர் மட்டுமே. அவை கருகினும், இடைவெளி மூடினும், அருகிலுள்ள கொண்டென்சர் பழுதுறினும் நான்கு உருளைகளும் ஒருங்கே தீப்பொறியை இழக்கும். மாரிகாலத்து விடியற்பொழுதில் டிஸ்ரிபியூற்றர் மூடியின் உட்புறத்தே ஈரம் படிதலும் பொதுக் காரணமே. யான் அறிந்த ஒருவர் கார்த்திகை மாதத்தில் நான்கு புதிய பிளக்குகளும் ஒரு புதிய கொயிலும் வாங்கி மாட்டினார், வண்டி கிளம்பவில்லை. இறுதியிலே மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்ததும் கிளம்பிற்று. புதிய உறுப்புகளின் விலை, சோதியாது துணிந்தமைக்கு அவர் செலுத்திய தண்டமாயிற்று.

தீப்பொறி நன்றாயிருப்பின் எரிபொருளின் வழியை ஆராய்க. மொறிஸ் மைனரில் திறப்பைத் திருப்பியவுடன் மின் பம்பு 'டிக், டிக்' என ஒலித்து, காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் ஓயும். கிண்ணம் வெறுமையாயிருந்தும் ஒலி எழாவிடின் பம்பு பழுது. ஒலி ஓயாது தொடரின் தாங்கி வெறுமையாயிருத்தலோ, குழாயில் ஒழுக்கோ, பம்பின் பழுதோ காரணமாகலாம். எரிபொருள் மிகுதலும் குறையே. பிளக்குகள் முற்றாக நனைந்துவிடின் தீப்பொறி வலுவிழக்கும். அந்நிலையில் வேகமிதியை முற்றாக அழுத்திப் பிடித்தவாறு சுழற்றினால், மிகுதியாகப் புகும் காற்று அவற்றை உலர்த்தும்.

எரிபொருள் வந்து சேர்வது மட்டும் போதாது. அஃது ஆவியாதலும் வேண்டும். இவ்வுண்மையை யாழ்ப்பாணம் தன் துன்பத்தின்வழி அறிந்தது. 1990 ஆம் ஆண்டின் பின், போர்க்காலப் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடைத்தற்கரிதானபோது, குடாநாட்டின் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆயின், குளிர்ந்த எந்திரம் மண்ணெண்ணெயிற் கிளம்புவதில்லை. பெற்றோல் ஏறக்குறைய −40 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கோ 38 பாகையேனும் வேண்டும். ஆதலின், அரிதிற் பேணிய பெற்றோலிற் சில துளிகளை விட்டு எந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்ததும், எந்திரம் விரைவில் தேய்ந்ததும் உண்மையே. எனினும் நோயாளரையும் கருவுற்ற மகளிரையும் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றவை அவ்வண்டிகளே. அன்று அவற்றைக் கிளப்பியது புதிய உறுப்பன்று. குறை எவ்விடத்தது என்னும் அறிவே.

கலவையும் தீப்பொறியும் குறைவற இருப்பின் எஞ்சுவன அமுக்கமும் காலமும். அமுக்கமுள்ள எந்திரம் சுழலும்போது ஏற்ற இறக்கத்தோடு மூச்சுவிடுவதுபோல ஒலிக்கும். அவ்வேறுபாடின்றி, வழக்கத்தினும் விரைந்து ஒரே சீராகச் சுழலுமாயின், வால்வுகளை இயக்கும் பட்டி அறுந்தது என ஐயுறுதல் வேண்டும். அத்தகைய எந்திரத்தை மேலும் சுழற்றுதல் வால்வுகளை வளைத்துவிடக்கூடும். காபரேற்றர் வழியே வெடியொலி எழுமாயின், தீப்பொறி உண்டு, ஆனால் உரிய நேரத்தில் இல்லை என்பதற்கு அது சான்றாகலாம். கம்பிகள் இடம்மாறிப் பூட்டப்பட்டனவா என நோக்குதல் வேண்டும்.

இன்றைய வண்டிகளிற் காபரேற்றரும் பொயின்றுகளும் இல்லை. அவற்றின் தொழிலைக் கணினி ஆளுகின்றது. எனினும் மூன்று தேவைகள் மாறவில்லை. திறப்பைத் திருப்பியதும் தாங்கியினுள் இரண்டொரு விநாடி பம்பு முரலும் ஒலி பல வண்டிகளிற் கேட்கும். கேளாவிடின் பியூஸ், ரிலே, பம்பு என முறையே ஆராய்க. சுழற்றும்போது சுழற்சிவேகம் காட்டும் முள் அசையாதிருப்பின், வளைதண்டின் நிலையை உணர்த்தும் உணரி பழுதென ஐயுறலாம். அவ்வுணரி இல்லையேல் தீப்பொறியும் எரிபொருளும் ஒருங்கே நின்றுவிடும். திருட்டுத் தடுப்பு விளக்கு மின்னுமாயின், கணினி திறப்பை ஏற்கவில்லை எனக் கொள்க. ஐக்கிய அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு முதல் புதிய கார்களில் குறைகாட்டும் பொது இணைப்புக் கட்டாயமாயிற்று. பின்னர் பிற நாடுகளிலும் பரவிற்று. ஆயின், அக்கருவி தரும் குறியீடு எவ்வழியில் ஆராய்தல் வேண்டும் என்பதனையே காட்டும். எவ்வுறுப்பை வாங்குதல் வேண்டும் என்பதனைக் காட்டாது. இத்தகைய வண்டிகளில் தீப்பொறியைப் பழைய முறையிற் சோதித்தல் மின்னணு உறுப்புகளைக் கெடுக்கலாமாதலின், அதற்கெனவுள்ள கருவியைக் கொள்ளுதலே நன்று.

எவ்வகை வண்டியாயினும், ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேற் சுழற்றாது, இடையே அரை நிமிடமேனும் ஓய்வு கொடுத்தல் நலம். அவ்வோய்வு ஸ்ராட்டருக்கு மட்டுமன்று, ஓட்டுநருக்கும் உரியது. முதலிற் கேட்டல், பின்னர் பார்த்தல், பின்னர் சோதித்தல், இறுதியிலேயே மாற்றுதல் என்னும் இவ்வொழுங்கினைக் கைக்கொள்பவன், பணத்தையும் பற்றறியையும் காப்பதோடு, இடர்ப்பொழுதிற் கலங்காத உள்ளத்தையும் பெறுவான். கல்லூரியிற் கற்கும் பௌதிகமும் அளவையும் தேர்வுத்தாளோடு முடிவனவல்ல. தெருவோரத்தில் நின்றுபோன வண்டியொன்றின் முன்னும் அவை பயன்படுதல் வேண்டும்.