வெயில் ஏன் கைகொடுக்கவில்லை?

2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் பலருக்கு இருந்த பெரிய நம்பிக்கை வெயில்தான். அக்னி நட்சத்திரம் பிறக்கட்டும், கொரோனா தானாக ஓடிவிடும் என்று டீக்கடையிலும் பேசினார்கள், தொலைக்காட்சி விவாதத்திலும் பேசினார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஆய்வகத்தில் இந்த வைரஸ் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது; 70 டிகிரியில் ஐந்தே நிமிடத்தில் செயலிழந்தது. காற்றில் மிதக்கும் வைரஸ்மீது கோடை வெயில் நேராக விழுந்தால் சில நிமிடங்களில் அதன் பெரும்பகுதி அழிந்துவிடும் என்றும் சோதனைகள் காட்டின. அப்படியிருந்தும் 2021 மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது.

கணக்கு பிசகியதற்குக் காரணம் எளிது. வெயில் தெருவில் அடித்தது. நோய் அறைக்குள் பரவியது.

சீனாவின் குவாங்சோ நகரில் 2020 ஜனவரி 24 அன்று, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள், ஓர் உணவகத்தில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத, ஏசி போட்ட கூடம். முந்தைய நாள் வூகானிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் அங்கே மதிய உணவு சாப்பிட்டது. அவர்களுக்கு இரு பக்கமும் இருந்த மேசைகளில் வேறு இரண்டு குடும்பங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் சேர்ந்திருந்தார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் மூன்று குடும்பங்களிலும் சேர்த்துப் பத்துப் பேருக்குத் தொற்று. அதே மாடியில் சாப்பிட்ட மற்ற 73 பேருக்கோ, தட்டு ஏந்தி மேசைக்கு மேசை நடந்த பரிமாறுபவர்களுக்கோ ஒன்றும் ஆகவில்லை.

பின்னர் ஆய்வாளர்கள் அதே கூடத்தில் ஒரு தடங்காட்டி வாயுவை விட்டு அளந்து பார்த்தார்கள். அந்த மூன்று மேசைகளும் ஒரே ஏசியின் காற்றோட்டத்தில் இருந்தன. ஏசி ஊதிய காற்று கடைசி மேசைவரை போய்த் திரும்பி, மறுபடியும் அதே ஏசிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. காற்றை வெளியேற்றும் மின்விசிறிகள் ஓடவில்லை. ஆளுக்கு நொடிக்கு 1 லிட்டர் புதுக்காற்றுகூட உள்ளே வரவில்லை. பொது இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பின்னாளில் பரிந்துரைத்தது 10 லிட்டர்.

நம் வீட்டு ஸ்பிளிட் ஏசியும் இதே வேலையைத்தான் செய்கிறது. வெளிச்சுவரில் தொங்கும் பெட்டி வெளிக்காற்றை இழுத்து உள்ளே அனுப்புகிறது என்று நினைப்பவர்கள் பலர். அந்தப் பெட்டிக்கும் அறைக்கும் இடையே ஓடுவது குளிர்வாயு செல்லும் இரண்டு செம்புக் குழாய்களும் மின்கம்பிகளும்தான்; காற்று போகும் வழி இல்லை. அறையின் வெப்பம் வெளியே போகிறது. காற்று உள்ளேயே சுற்றுகிறது. கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவியை வைத்தால் இது கண்கூடாகத் தெரியும். வெளியே பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கும் வாயு, கதவடைத்த ஏசி அறையில் நாலு பேர் அமர்ந்து பேசினால் சீக்கிரமே 1,200-ஐத் தாண்டிவிடும். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு ஏறக்குறைய 4 சதவீதம். அதை வைத்துக் கணக்குப் போட்டால், 1,200 என்பதன் பொருள்: நீங்கள் இழுக்கும் காற்றில் நூற்றில் இரண்டு பங்கு, அந்த அறையில் யாரோ ஏற்கெனவே நுரையீரலிலிருந்து வெளியே விட்டது.

இது புரிய உலகத்துக்கு நாளாயிற்று. 2020 மார்ச் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் இந்த நோய் காற்றில் பரவுவதில்லை என்று அடித்துச் சொன்னது. அந்த ஜூலையில் 239 விஞ்ஞானிகள் ஒன்றுசேர்ந்து, காற்றிலும் பரவுகிறது என்று எழுதி முறையிட்டார்கள். அதற்கிடையே நாம் கொத்தமல்லிக் கட்டை மஞ்சள் தண்ணீரில் கழுவினோம்; லாரிகள் தார்ச் சாலைக்குக் கிருமிநாசினி அடித்தன. ஜன்னலைத் திறவுங்கள் என்று உரக்கச் சொல்ல ஆளில்லை.

மூடிய இடத்தோடு நேரமும் சேரும்போது ஆபத்து பெருகுகிறது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகத் தேடிச் சேர்த்த தொடர்புப் பட்டியல்களை வைத்து 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஐந்தே முக்கால் லட்சம் தொடர்புகள். தொற்றாளர்களில் 71 சதவீதத்தினர், கண்டறியப்பட்ட தங்கள் தொடர்புகளில் ஒருவருக்குக்கூட நோயைக் கொடுக்கவில்லை. ஆனால் தொற்றாளரோடு ஒரே பேருந்திலோ ரயிலிலோ ஆறு மணி நேரத்துக்கு மேல் அருகில் அமர்ந்து பயணித்தவர்களில் ஏறக்குறைய 79 சதவீதத்தினருக்குத் தொற்றியது. யாரைச் சந்தித்தோம் என்பதைவிட, எந்தக் கூரையின்கீழ் எத்தனை மணி நேரம் என்ற கேள்விதான் கனமானது.

அந்தக் கூரையை எல்லோராலும் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியாது. 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதத்தினர் ஏற்கெனவே தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். அதே வார்டுகளின் மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதத்தினர். இரண்டு உலகத்துக்கும் நடுவே பல இடங்களில் ஒரு சுற்றுச்சுவர்தான். குடிசைப் பகுதிகளின் நெருக்கடியையும் பொதுக் கழிப்பறைகளையும் ஆய்வாளர்கள் காரணமாகச் சுட்டினார்கள். வீட்டிலேயே இருங்கள் என்ற அறிவுரை, பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் குடும்பத்திடம், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டே இருங்கள் என்று சொன்னதற்குச் சமம்.

ஜெர்மனியின் ரேடா-வீடன்புருக் இறைச்சி ஆலையில் கதை குளிரில் நடந்தது. 10 டிகிரியில் சுழலவிட்ட காற்று, ஒரு தொழிலாளியிடமிருந்து எட்டு மீட்டர் தள்ளி நின்றவர்கள்வரை வைரஸைக் கொண்டுபோனது. 2020 ஜூனில் அங்கே தொற்று ஆயிரத்தைத் தாண்டியது. பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். அடுத்த ஜனவரி முதல் இறைச்சி வெட்டும் வேலையில் ஒப்பந்த முறையையே சட்டம் தடை செய்தது. முகக்கவசத்துக்கு இணையான மருத்துவ நடவடிக்கையாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

வெயிலை நம்பியவர்கள் முதலில் பார்த்திருக்க வேண்டிய ஊர் சிங்கப்பூர். ஆண்டு முழுவதும் 30 டிகிரியை ஒட்டிய வெப்பம், கசகசக்கும் ஈரப்பதம். அங்கே சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுதிகளில் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போனவர்கள் அவர்களில் ஏராளம். இரண்டடுக்குக் கட்டில்கள் போட்ட அறையில் 12 பேர், 16 பேர், சில இடங்களில் 20 பேர். குளியலும் சமையலும் பொது. வேலைத்தளத்துக்குப் போவதும் லாரியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான். 2020 டிசம்பர் கணக்குப்படி அவர்களில் 47 சதவீதத்தினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. விடுதிக்கு வெளியே வாழ்ந்தவர்களில் 0.25 சதவீதம். தீவு ஒன்று, வெயிலும் ஒன்று. பெரும்பாலும் இளைஞர்கள் என்பதால் உயிரிழப்பு மிகக் குறைவு. ஆனால் ஊரே வெளியே நடமாடத் தொடங்கிய பிறகும் அவர்களுக்கு விடுதியையும் வேலைத்தளத்தையும் விட்டு நகர அனுமதியில்லாமல் இருந்தது.

2021 செப்டம்பரில் சிங்கப்பூர் அரசு புதிய விதிகளை அறிவித்தது: அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆறு படுக்கைக்கு ஒரு கழிவறை, ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம். புதிதாகக் கட்டும் விடுதிகளுக்கு இது உடனே பொருந்தும். ஏற்கெனவே இருக்கும் விடுதிகள் முழுமையாக மாற 2040 வரை அவகாசம் தரப்பட்டிருக்கிறது.