லிங்க்கை குரூப்பில் போடும் முன் ஒரு நிமிஷம்!

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மரக்காணம் உப்பளங்களில் வேலை இல்லை. பாத்தியில் மழைத் தண்ணீர் நின்றால் உப்பு எங்கே விளையும்? அந்த மாதங்களைச் சமாளிக்கத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. நிவாரணம் என்றாலே பட்டியல்தானே! பெயர், செல் நம்பர், ஆதார் எண், பேங்க் கணக்கு எண்...

முன்பெல்லாம் இது ஒரு நீள நோட்டில் இருக்கும். நோட்டு யாராவது ஒருவர் வீட்டு பீரோவில் இருக்கும். இப்போது கூகுள் ஷீட். கூனிமேட்டில் ஒரு மகளிர் குழு இப்படி ஒரு பட்டியல் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலேஜ் படிக்கிற பெண் செல்போனிலேயே ஷீட்டைத் தயார் செய்து, ‘அவங்கவங்க விவரத்தை நீங்களே நிரப்பிடுங்க அக்கா’ என்று லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறாள். எல்லோரும் நிரப்ப வேண்டுமே என்பதற்காக, ‘லிங்க் இருக்கும் எவரும் எடிட்டர்’ என்று அனுமதி கொடுத்துவிடுகிறாள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. வில்லங்கமும் அங்கேதான் தொடங்குகிறது.

ஷீட்டில் ஒருவருக்கு மூன்று விதமாக அனுமதி தரலாம். வியூவர் பார்க்கலாம். கமென்டர் பார்த்துவிட்டுக் கருத்து எழுதலாம். எடிட்டர் எதையும் மாற்றலாம், அழிக்கலாம். நாம் தடுக்காவிட்டால், இன்னொருவருக்கு அனுமதியும் கொடுக்கலாம்! இவர்களுக்கு மேலே ஓனர்.

லிங்க் குரூப்பிலிருந்து குரூப்பாகப் போனால், திறப்பவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. யாரோ ஒருவர் கைதவறி ஒரு கணக்கு எண்ணை மாற்றினாலும் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய எண்ணை மீட்கலாம். ஆனால், மாற்றியவர் பெயர் தெரியாது. அதுவும் மாற்றியதை யாராவது கவனித்தால்தான்.

‘ஆதார் வரிசையை மறைத்துவிட்டேனே’ என்பார்கள் சிலர். பிரயோஜனம் இல்லை. ஷீட்டை நகல் எடுத்துக்கொண்டால் மறைத்ததும் வெளியே வந்துவிடும்.

இது நம்மூர் அக்காமார்கள் செய்கிற தவறு மட்டும் அல்ல. அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் 2019-ல் சுமார் 10 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் வெளியே போயின. அமேசான் கிளவுடில் இருந்த ஃபயர்வாலைச் சரியாக அமைக்கவில்லை. அதற்குக் கொடுத்திருந்த அனுமதியோ தேவைக்கு அதிகம். அந்த வழியாகத்தான் சேமித்த கோப்புகள்வரை ஓர் ஆள் போய்விட்டார். வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் அனுமதி தர வேண்டும் என்று எம்.ஐ.டி.யின் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவைத்த விஷயம் இது.

கூனிமேட்டுக் குழுவுக்கு வழி சுலபம். ஷீட்டுக்குப் பதிலாக கூகுள் ஃபார்ம் லிங்க்கை அனுப்பினால் போதும். அவரவர் விவரத்தை அவரவர் நிரப்புவார்கள். அடுத்தவர் எண் கண்ணில் படாது. பதில்கள் சேரும் ஷீட்டை ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று வைத்து, தலைவி, செயலாளர் இருவரின் மெயிலை மட்டும் சேர்க்கலாம். சரிபார்க்க மட்டும் வேண்டியவருக்கு வியூவர் போதும். ஆதார் நகலை குரூப்பில் போடவே வேண்டாம். எங்காவது நகல் தந்தே ஆக வேண்டும், முழு எண் தேவையில்லை என்றால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ இருக்கிறது. ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

மனு கொடுத்து முடிந்ததும் அனுமதிகளை நீக்குவதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். குழுவை விட்டுப் போனவர் மூன்று வருஷம் கழித்தும் எடிட்டராகவே இருப்பார்.

இன்னொன்று, ஓனர். அந்தப் பெண் நாளைக்குக் கல்யாணமாகி வெளியூர் போகலாம். செல் தொலைந்து, பாஸ்வேர்டும் மறந்து போகலாம். 2 ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். ஷீட்டும் அதோடு போகும். அவள் கிளம்புவதற்கு முன்பே ஷேர் பகுதியில் தலைவியின் பெயருக்கு ஓனர் உரிமையை மாற்றச் சொல்லுங்கள். தலைவியும் தன் மெயிலைத் திறந்து ‘ஏற்கிறேன்’ என்று கொடுத்தால்தான் அது மாறும்.