பழைய லென்ஸும் பட்டுத் தறியும்

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில், ஒரு குழித்தறி பிரிக்கப்படவிருந்தது. அதில் நெய்து வந்தவர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். அவருடைய மக்கள் வேறு தொழில் புகுந்துவிட்டனர். ஜக்கார்டுப் பெட்டி வருமுன், புடவைக் கரையில் பூ எடுப்பதற்கு வழங்கிய 'அடை' என்னும் நூற்கட்டு அத்தறியில் அவிழ்க்கப்படாமல் இருந்தது. "பிரித்துவிட்டால் மறுபடி கட்டுவதற்கு ஆள் இல்லை, தம்பி. படம் பிடிக்கிறவனாயிற்றே நீ, பிடித்து வை" என்றார். தறி பிரிக்கும் நாளுக்கு இரண்டு வாரமே இருந்தது.

என்னிடம் காமிரா உண்டு. நூலிழையைப் பிரித்துக் காட்டவல்ல நல்ல லென்ஸ் இல்லை. புதியது வாங்கக் கையில் பொருளும் இல்லை. ஆகவே, சென்னையில் பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில், நாலாயிரம் ரூபாய் கொடுத்து, 'ஹீலியோஸ் 44-2' என்னும் சோவியத் நாட்டு லென்ஸை வாங்கினேன். பழுது இருந்தால் பத்து நாளில் திருப்பித் தரலாம் என்பது பேச்சு. அந்தப் பத்து நாளில் அதை எவ்வாறு சோதித்தேன் என்பதையே இங்குக் கூறப் புகுகிறேன். பொழுதுபோக்காகப் படம் பிடிக்கும் அன்பர்களுக்கு இது பயன்படக்கூடும்.

ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனம் வகுத்த 'பயோட்டார்' என்னும் அமைப்பே இந்த லென்ஸுக்கு மூலம். போருக்குப் பின், மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலை அதைத் தழுவிச் செய்தது. நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள்; குவிய தூரம் 58 மில்லிமீட்டர்; மிகப் பெரிய ஒளித்துவாரம் எஃப் 2. 'ஜெனிட்' காமிராக்களோடு சேர்த்து ஏராளமாகச் செய்யப்பட்டமையால் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. மலிவுக்கு மற்றொரு காரணம், குவியத்தையும் துவாரத்தையும் நாமே கையால் திருப்ப வேண்டும் என்பது.

எந்தக் காமிராவிலும் இது பொருந்திவிடும் என்று எண்ணலாகாது. இந்த லென்ஸின் மரை 42 மில்லிமீட்டர் அகலமுள்ளது. மரையின் முகத்திலிருந்து பிலிம் இருக்கும் தளம் வரை ஏறத்தாழ 45.5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். உள்ளே ஆடி இல்லாத இக்காலக் காமிராக்களில் அந்த இடைவெளி 18 மில்லிமீட்டர் அளவே உண்டு. ஆகவே ஒரு வெற்றுக் குழாயை இடையில் வைத்தால் போதும். ஆடியுள்ள நிக்கான் காமிராக்களிலோ இடைவெளியே 46.5 மில்லிமீட்டர். லென்ஸ் அதற்குமேல் உட்செல்ல இயலாது. கைக்கெட்டும் பூ தெளியும், கோபுரம் தெளியாது.

கண்ணாடியைக் கண்ணால் பார்ப்பதே முதற் சோதனை. இருட்டறையில் ஒரு டார்ச்சு விளக்கைப் பின்புறம் பிடித்து, சற்றுச் சாய்வாக உள்ளே நோக்கினேன். சிலந்தி நூல்போல் கிளைத்துப் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். மழைக்காலத்து ஈரத்தில் நம் நாட்டுப் பழைய லென்ஸ்களுக்கு வரும் பெரு நோய் அது. இரண்டொரு தூசியும் ஒரு கீறலும் படத்தைக் கெடுப்பதில்லை. பூஞ்சணமும் வெண்புகை போன்ற மங்கலும் கெடுக்கும். என் லென்ஸில் தூசி மட்டுமே இருந்தது.

அடுத்தது தெளிவுச் சோதனை. இதற்கென அச்சிட்ட அட்டை விற்கிறார்கள். எனக்கு அட்டை எதற்கு? வீட்டில் என் தாயாரின் கோர்வைப் புடவை இருந்தது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக, தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கப்பட்ட அந்தக் கோர்வை வரியை விடக் கடினமான தேர்வு லென்ஸுக்கு வேறில்லை. அதைச் சுவரில் விரித்துக் கட்டி, காமிராவை முக்காலியில் நிறுத்தி, எஃப் 2 முதல் எஃப் 16 வரை படிப்படியாகப் படம் எடுத்தேன்.

எஃப் 2-இல் நடுப்பகுதியில் இழை தெரிந்தது. ஆயினும் பனி மூடியதுபோல் மென்மை. எஃப் 4-இல் பனி விலகிற்று. எஃப் 5.6, 8 இரண்டிலும் ஜரிகைச் சுற்று வரை தெளிவு. எஃப் 16-இல் மறுபடி சற்று மங்கல். துவாரம் மிகச் சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறுவது இயற்கை.

ஆனால் எல்லாப் படங்களிலும் இடப்புற மேல்மூலை மங்கியிருந்தது. உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது, திருப்பித் தர வேண்டியதே என்று முடிவு கட்டினேன். பிறகு ஒரு யோசனை தோன்றிற்று. காமிராவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி எடுத்தேன். குற்றம் லென்ஸிலாயின், மங்கல் காமிராவோடு சேர்ந்து எதிர்மூலைக்குச் சென்றிருக்க வேண்டும். அது புடவையின் அதே மூலையிலேயே நின்றது. போய்ப் பார்த்தால், கட்டு நெகிழ்ந்து புடவை அங்கே முன்புறம் தொங்கியிருந்தது! லென்ஸைப் பழிக்குமுன் இந்த ஒரு சோதனையைச் செய்யுமாறு அன்பர்களை வேண்டுகிறேன்.

பின்பு வெளியே சென்றேன். 1509-ஆம் ஆண்டில் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் இராஜகோபுரத்தை வெளிவானத்தின் முன் எடுத்தபோது, எஃப் 2-இல் விளிம்புகளில் ஊதா நிறம் கசிந்தது, எஃப் 5.6-இல் பெரும்பாலும் மறைந்தது. கயிலாசநாதர் கோயிலின் மணற்கல் சிங்கங்களை வெயிலுக்கு எதிரே எடுத்தேன். படம் முழுதும் வெளிறிற்று. பழைய ஒளிப்பூச்சு பக்க வெளிச்சத்தைத் தாங்காது. கையால் மறைப்புக் கொடுத்ததும் கருமை மீண்டது. அந்தியில் விளக்கு வரிசை ஒன்றைப் பின்னணியாக வைத்தபோது, நடுவே வட்டமாக நின்ற ஒளிப்புள்ளிகள் ஓரத்தில் எலுமிச்சை வடிவாகி, நடுவைச் சுற்றிச் சுழல்வன போல் தோன்றின. ஓரத்திலிருந்து வரும் ஒளியை லென்ஸின் குழல் ஒரு பக்கம் மறைப்பதே காரணம். இச்சுழலை விரும்பியே பலர் இதை வாங்குகின்றனர்.

இத்தனையும் சோதித்தவன் தறியின் முன் தவறினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தறிக்கூடம் இருட்டாக இருந்தது. வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு, முதல் ஒரு மணி நேரம் எஃப் 2-இலேயே எடுத்தேன். பெரியவர் திரையைப் பார்த்தார். "பூ வந்திருக்கிறது, தம்பி, கட்டு வரவில்லையே" என்றார். உண்மைதான். எழுபது சென்டிமீட்டர் தூரத்தில், எஃப் 2-இல் தெளியும் ஆழம் ஒரு சென்டிமீட்டர் அளவே. முன்னிழை ஒன்று ஒளிர, அதன் பின்னுள்ள முடிச்சுகள் எல்லாம் கரைந்து போயிருந்தன. அழகான படங்கள், ஆனால் அவற்றைப் பார்த்து ஒருவரும் அடை கட்ட முடியாது.

எஃப் 8-க்கு இறக்கினேன். ஆழம் நாலரை சென்டிமீட்டராயிற்று. ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைந்தது. அதனால் பதினைந்தில் ஒரு விநாடி போதுமாயிருந்த இடத்தில் ஒரு முழு விநாடி தேவைப்பட்டது. நூல் அசையாதிருக்கத் தெருக்கதவைச் சாத்தினோம். சன்னல் ஒளி லென்ஸில் படாதவாறு பெரியவர் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு முடிச்சாக, அவர் விரல் காட்டிய வரிசையில், மாலை வரை எடுத்து முடித்தேன்.

இந்த லென்ஸ் வாங்கத் தக்கதா? ஓடும் குழந்தையையும் திருமண வீட்டுக் கூட்டத்தையும் எடுக்க வேண்டியவர்கள் வாங்க வேண்டா. குவியம் திருப்புவதற்குள் காட்சி கடந்துவிடும். அசையாப் பொருளை முக்காலியில் வைத்துப் பொறுமையாக எடுப்பவர்களுக்கு, பூஞ்சணம் இல்லாததாகப் பார்த்து வாங்கினால், கொடுத்த காசுக்கு மேலே தரும். எந்தத் துவாரத்தில் எதை இழக்கிறோம் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

மறுவாரம் தறியைப் பிரித்தார்கள். பெரியவர் படங்களைத் தாளில் அச்சிட்டு வாங்கி, எந்த நூல் எதனோடு என்று ஒவ்வொன்றின் கீழும் தம் கையால் எழுதி வருகிறார்.