ஞாயிறு காலை, கொமுட்டர், ஒரு கேமரா

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ரவாங் ரயில் நிலையத்தில் நின்றால், பொழுது விடிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. இரவு வேலை முடித்துத் திரும்பும் தொழிற்சாலைத் தம்பிகள் தூக்கக் கலக்கத்தில் என்னைப் பார்ப்பார்கள். தோளில் பை, கழுத்தில் கேமரா. ஞாயிற்றுக்கிழமையும் இந்த ஆளுக்கு வேலையா என்ற பரிதாபம் அவர்கள் முகத்தில் தெரியும்.

வேலை இல்லை. வாரத்தில் ஐந்து நாள் தலைநகரில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். ஆறாம் நாள் வீட்டுக்கு. ஏழாம் நாள் கேமராவுக்கு. எட்டு ஆண்டுகளாக இதுதான் வழக்கம்.

நம் ஊரில் ஏன் இவ்வளவு தாமதமாக விடிகிறது என்று நீங்கள் யோசித்ததுண்டா? 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். சூரியனுக்கு மட்டும் அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. அது இன்றும் பழைய கணக்கிலேயே வருகிறது. அதனால்தான் உச்சி வெயில் நமக்குப் பகல் 12 மணிக்கு வராமல், ஒன்றேகால் வாக்கில் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளை எழுப்பும் தாய்மார்களுக்கு இது தொல்லை. படம் எடுப்பவனுக்கோ லாபம். காலை ஒன்பது மணிக்குக்கூட முகத்தில் பக்கவாட்டில் விழும் மெல்லிய வெளிச்சம் கிடைக்கும். கேமரா வாங்கும் இளைஞர்கள் என்னிடம் எந்த லென்ஸ் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சீக்கிரம் எழுந்திருங்கள் என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

"ரவாங்கில் படம் எடுக்க என்ன இருக்கிறது?" இதுவும் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஆரம்பத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சிமெண்டு லோரிகள், நெரிசல், வரிசை வரிசையாகப் புதிய தாமான்கள். பிறகுதான் ஊரைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 1894-இல் லோக் இயூவும் நம் கே.தம்புசாமி பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்க வேலைக்காக மின்சார இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கியது இந்த ரவாங்கில்தான். மலாயாவின் மின்சாரக் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. பத்துமலையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவர் என்று நாம் வணங்கும் அதே தம்புசாமி பிள்ளை, நான் தினமும் கடந்து போகும் மண்ணில் ஈயம் தோண்டிய முதலாளி. ரயிலும் 1892-இலேயே இங்கு வந்துவிட்டது. அந்த ஈயத்தை ஏற்றத்தான்.

அதற்குப் பிறகு பழைய கடைவீதியை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ஐந்தடி நடைபாதையில் தைக்கும் தையல்காரர், காலையிலேயே இட்லிக் குண்டானைத் திறக்கும் அக்கா, மேல்மாடிச் சன்னலின் உதிர்ந்த பச்சைச் சாயம். ஒரு விளக்குக் கம்பத்தைக்கூட நின்று எடுத்தேன். அது பழைய கம்பம் ஒன்றும் இல்லை, இருந்தாலும் எடுத்தேன்.

ஊரை ஒட்டிய இடங்களில் எனக்கு அதிகம் பிடித்தது காஞ்சிங். ஏழு அடுக்கு நீர்வீழ்ச்சி. குடும்பங்கள் கீழ் அடுக்குகளிலேயே பாய் விரித்து உட்கார்ந்துவிடும். மூச்சு வாங்க மேலே ஏறுபவர்களுக்கு அமைதி கிடைக்கும். குரங்குகளிடம் மட்டும் கவனம் தேவை. என் லென்ஸ் மூடி ஒன்றை ஒரு குரங்கு வாங்கிக்கொண்டு, கடித்துப் பார்த்து, பிடிக்காமல் அருவியில் போட்டுவிட்டது. பக்கத்தில் டெம்ப்ளர் பூங்காவும், சுமார் 350 மீட்டர் உயரச் சுண்ணாம்புக் குன்றான புக்கிட் தாக்குனும் இருக்கின்றன. மழை பெய்து ஓய்ந்த மாலையில் மேகம் அந்தக் குன்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு நிற்கும்.

அந்தக் காட்டின் மேலேதான் 2017 நவம்பரில் திறந்த ரவாங் மாற்றுச் சாலை போகிறது. உயரமான இடத்தில் அதன் தூண்கள் 58.2 மீட்டர். காஞ்சிங் காட்டுக்கே உரிய 'கியாம் காஞ்சிங்' என்ற அரிய மரம் அங்கே உண்டு. காட்டை வெட்டுவதைக் குறைக்கத்தான் சாலையைத் தூக்கிக் கட்டினார்கள். கட்டாமலே இருந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முன்பு வேலை முடிந்து செலாயாங்கிலிருந்து வீடு சேர ஒன்றரை மணி நேரம் ஊர்ந்த எனக்கு அப்படிக் கேட்க வாய் வரவில்லை. தயவுசெய்து அந்தப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் வரும் லோரிக்கு அழகுணர்ச்சி கிடையாது.

ரயில் ஏறிவிட்டால் ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை போகும் கொமுட்டர் இது. ஒரே இருக்கையில் உட்கார்ந்து கோலாலம்பூரையும் கிள்ளானையும் பார்த்துவிடலாம். மாநகரில் நான் இறங்குவது பழைய கோலாலம்பூர் நிலையத்தில். 1910-இல் ஹப்பேக் வடிவமைத்த வெள்ளைக் கட்டடம். ஒரு காலத்தில் மலாயா முழுவதும் வந்திறங்கிய நடைமேடையில் இப்போது கொமுட்டர் பயணிகள் சிலர் மட்டும். 2001-இல் கே.எல். சென்ட்ரல் வந்த பிறகு கூட்டம் அங்கே போய்விட்டது. நிழலும் வளைவுகளும் தனிமையும் தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் தலைநகரில் இல்லை என்பது என் எண்ணம். அங்கிருந்து நடந்தால் அதே ஹப்பேக்கின் 1909-ஆம் ஆண்டு மஸ்ஜிட் ஜாமெக், இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில். இரட்டைக் கோபுரத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. அதை எடுக்காதவர் யார்?

பிரிக்பீல்ட்ஸ் வேறு கதை. 1881-இல் முதலில் தீயும் பிறகு வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளை அழித்தன. இனி செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுங்கள் என்று ஸ்வெட்டன்ஹாம் காலத்தில் உத்தரவு வந்தது. யாப் ஆ லோய் செங்கல் சூளை போட்ட இடம் என்பதால் பிரிக்பீல்ட்ஸ். அப்புறம் ரயில்வே வந்தது, ரயில்வேயோடு நம்மவர்கள் வந்தார்கள். 2010 அக்டோபரில் 'லிட்டில் இந்தியா' என்று வளைவும் வண்ணமும் வைத்துத் திறந்தார்கள். வண்ணம் கேமராவுக்கு நல்லதுதான். ஆனால் பின்தெருக்களில்தான் ஊர் இருக்கிறது.

அந்தப் பின்தெரு ஒன்றில், நான்கு ஆண்டுகளுக்கு முன், பூத்தொடுக்கும் ஒரு பாட்டியின் கைகளை எடுத்தேன். மல்லிகை, நார், சுருங்கிய விரல்கள், ஒரே ஒரு மோதிரம். சூரியன் சரியாக அந்த மோதிரத்தில். பத்துப் படமாவது எடுத்திருப்பேன். பாட்டி தலையைத் தூக்காமலே கேட்டார்:

"எல்லாரும் வந்து எடுக்கறீங்க தம்பி. ஒருத்தராவது எனக்கு ஒண்ணு கொண்டாந்து குடுத்ததுண்டா?"

"நான் கொண்டு வர்றேன் பாட்டி" என்றேன். கொண்டு போகவில்லை. அந்தப் படத்துக்குச் சமூக ஊடகத்தில் நல்ல வரவேற்பு. நண்பர்கள் பாராட்டினார்கள். பாட்டியிடம் கைப்பேசியே இருந்ததாக நினைவில்லை.

அதே ஆண்டு இறுதியில் என் அப்பா இறந்துபோனார். சிமெண்டுத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்தவர். காலையில் நெஞ்சுவலி என்றார், மதியத்துக்குள் முடிந்துவிட்டது. வீட்டில் உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். மாமா வந்து மெதுவாகக் கேட்டார், "தம்பி, அப்பா படம் ஒண்ணு குடு. மாலை போடணும். பேப்பருக்கும் குடுக்கணும்."

என் கணினியில் பதினான்காயிரம் படங்கள் இருந்தன. கோபுரங்கள், ரயில்கள், அருவி, தைப்பூசக் காவடிகள், முகம் தெரியாதவர்களின் முதுகுகள். அப்பா இருந்த படங்களைத் தேடினேன். ஒன்றில் என் அக்காள் மகளின் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் பாதி முகம். இன்னொன்றில் தோளும் காதும். மற்றதில் கண்ணை மூடியிருந்தார். குடும்ப விழாக்களில் நான் எப்போதும் ஒளிக்கும் கோணத்துக்கும் அலைந்துகொண்டிருந்தேன். அவர் எப்போதும் ஓரத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். "என்னைய எதுக்குடா" என்று ஒதுங்கிவிடுவார். நானும் வற்புறுத்தியதில்லை.

கடைசியில் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினோம். நம் வீடுகள் பலவற்றில் நடப்பதுதான். நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அவசரத்தில் கடைக்காரர் அந்தப் படத்தின் புள்ளிகளை வழித்துச் சரிசெய்து, பின்னால் நீல நிறம் போட்டு, மரியாதையாக இருக்கட்டுமென்று ஒரு கறுப்புக் கோட்டும் டையும் மாட்டிக் கொடுத்தார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா எப்போ கோட்டு போட்டாரு?"

நான் பதில் சொல்லவில்லை.

மூன்று மாதம் கேமராவைத் தொடவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, பாட்டியின் படத்தைப் பிரதி போட்டு எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். நல்லவேளை, அதே இடத்தில் இருந்தார். "இப்பதான் வழி தெரிஞ்சுச்சா?" என்றார். படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கை மட்டும்தானே இருக்கு தம்பி. இத வெச்சு என்ன பண்றது? சட்டம் போடற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடு. நாளைக்கு எம் புள்ளைங்க ஐசி படத்தத் தேடக் கூடாது பாரு."

என் அப்பாவின் கதை அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அடுத்த ஞாயிறு அரக்கு நிறப் பட்டுச் சேலையில், நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். அன்று ஒரு முழம் பூகூட அவர் தொடுக்கவில்லை. மூன்றே படம்தான் எடுத்தேன். நேராகப் பார்த்தார், சிரிக்கவில்லை. சிரிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் பையில் எப்போதும் ஓர் உறை இருக்கும். போன தடவை எடுத்த முகங்களின் பிரதிகள். ஒரு பிரதிக்கு ஆகும் செலவு ஒரு தே தாரிக் விலைகூட இல்லை. வேலை என்னவோ கூடித்தான் போனது. இட்லி அக்கா தன் மாமியாரை அழைத்து வந்தார். தையல்காரர் கடையை அரை மணி நேரம் சாத்திவிட்டு, தானே தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். கூட்டம் இல்லாத நாளில் பத்துமலைக்குப் போனால் 272 படிகளின் அடியில் மூச்சு வாங்கும் தாத்தா பாட்டிகளைத்தான் இப்போது அதிகம் எடுக்கிறேன். 42.7 மீட்டர் முருகன் சிலை பின்னணியில் மங்கலாக இருந்தால் போதும். அவரை எடுக்க உலகமே வருகிறது.

ஆனால் ஒருவர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அம்மா.

"சேலை கசங்கியிருக்கு", "தலை வாரல", "உங்கப்பா இல்லாம எதுக்கு". ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். சென்ற மாதம்தான் என்னுடன் கிளம்பச் சம்மதித்தார். அதுவும் படத்துக்காக அல்ல. கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலைப் பார்க்க வேண்டுமென்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரவாங்கில் ஏறி, வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம். கோயிலில் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டேன். கருங்கல் மண்டபத்தைச் சுற்றி வந்து, அம்மா ஒரு தூண் ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்தார். பிறகு ஜாலான் தெங்கு கிளானாவில் சேலைக் கடை, மசாலா வாசனை, வாழை இலைச் சாப்பாடு. கிள்ளான் ஆற்றின் பழைய இரண்டடுக்குப் பாலத்தையும் பார்த்தோம். மேலே வாகனங்களுக்கும் கீழே நடப்பவர்களுக்கும் என்று கட்டியது. நான் கீழ்த்தளத்தில் நிழல் கோடுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, "இந்தக் கம்பியில என்ன இருக்குன்னு இப்படிக் குனியற?" என்றார். கம்பியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். உடனே முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் கூட்டமில்லை. சுங்கை பூலோ தாண்டியதும் மழை விட்டு, மேற்கிலிருந்து வெயில் சன்னல் வழியாக வந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, மடியில் பிரசாதப் பையோடு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். குவாங் நிலையம் வருவதற்குள் எடுத்தேன். ஒன்றே ஒன்று. சத்தம் கேட்டுத் திரும்பினார், திட்டுவார் என்று காத்திருந்தேன். கையை நீட்டி கேமராவை வாங்கி, திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பிரதி போடு" என்றார். "ஒண்ணு இப்ப மாட்டறதுக்கு."