வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் யாருடைய தகவலை நம்புவது?

சில மாதங்களுக்கு முன் சோனகத்தெருவைச் சேர்ந்த இளம் பொறியியலாளர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில் கனடாவுக்கு விண்ணப்பித்திருந்தார். புள்ளிகள் கொஞ்சம் குறைவு. "வேலைக் கடிதம் ஒன்று எடுத்தால் 50 புள்ளி கூடுமாம். ஒரு முகவர் பெரிய தொகை கேட்கிறார். உம்மாவின் நகையை விற்கத்தான் வேண்டும்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். டொரொண்டோவில் இருக்கும் மாமா.

மாமா பொய் சொல்லவில்லை. அவர் போன காலத்தில் அது உண்மைதான். ஆனால் அத்தகைய கடிதங்கள் விலைக்கு விற்கப்பட்டதால், 2025 மார்ச் 25 முதல் கனடா அந்தப் புள்ளிகளையே நீக்கிவிட்டது. அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தைத் திறந்து காட்டினேன். அல்ஹம்துலில்லாஹ், நகை தப்பியது.

உறவினர் சொல்லை நம்பும் பழக்கம் நமக்குச் சும்மா வந்ததல்ல. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்திலிருந்து நாம் வெளியேற்றப்பட்டபோது, கையில் இருந்தது உடுத்த உடையும் கொஞ்சப் பணமும்தான். புத்தளத்தில் எங்கே இடம் கிடைக்கும், எந்தப் பாடசாலையில் பிள்ளைகளைச் சேர்க்கலாம், தையற்காரருக்கு எங்கே வேலை உண்டு என்பதெல்லாம் வாய்வழியாகவே தெரிந்தது. முன்னால் போனவர் பின்னால் வந்தவருக்குச் சொன்னார். அந்தச் சொல்தான் பல குடும்பங்களை நிமிர்த்தியது.

இன்று படித்துவிட்டுப் போகும் நம் பிள்ளைகளுக்கும் அதே உதவி தேவை. ஹலால் இறைச்சி எங்கே, பள்ளிவாசலுக்கு அருகில் வாடகை என்ன, எந்த வீட்டுக்காரர் நல்லவர் என்பதை எந்த அரசாங்க இணையத்தளமும் சொல்லாது. அங்கே இருப்பவர்தான் சொல்ல முடியும். ஆனால் சட்டமும் விதிமுறையும் வேறு விடயம். அவை மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டு உதாரணங்கள். ஒன்டாரியோவுக்குப் புதிதாக வருபவர் அரச மருத்துவக் காப்புறுதிக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்த விதி 2020 மார்ச்சில் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காத்திருப்புக் காலம் இன்னும் உண்டு. அதேபோல, கனடாவில் வேலை செய்த அனுபவம் இல்லாமல் பொறியியலாளர் உரிமம் கிடைக்காது என்பார்கள். ஒன்டாரியோவின் பொறியியலாளர் சபை அந்த நிபந்தனையை 2023இல் கைவிட்டுவிட்டது. பழைய தகவலை நம்பியவர், உரிமத்துக்கு விண்ணப்பிக்காமலே களஞ்சியசாலையில் வருடங்களைக் கழித்துவிடக் கூடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. குடிவரவுக்காக எடுக்கும் கல்விச் சான்று மதிப்பீடு ஐந்து வருடம் செல்லுபடியாகும். ஆனால் அது தொழில் செய்வதற்கான உரிமம் அல்ல. தாதியர், வைத்தியர், பொறியியலாளர் ஆகியோர் தாம் குடியேறும் மாகாணத்தின் தொழிற்சபையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு என்னென்ன ஆவணங்கள் தேவை என்பதை இங்கிருக்கும்போதே கேட்டறிந்தால், பல்கலைக்கழகத்தில் எடுக்க வேண்டியதை நேரில் போய் எடுத்துக்கொள்ளலாம்.

பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர் யாராக இருந்தாலும் பதிவைப் பாருங்கள். கனடாவின் குடிவரவு ஆலோசகர்களுடைய பெயர்களை அவர்களது ஒழுங்குபடுத்தும் சபையின் பொதுப் பதிவேட்டில் எவரும் இலவசமாகத் தேடலாம். இங்குள்ள தொழில் முகவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து யாரும் விபரம் கேட்டால், "நான் வந்தது இந்த வருடம், இப்போது மாறியிருக்கலாம், ஒருமுறை பார்த்துக்கொள்" என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லுங்கள். வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்றுத் தருகிறது. வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கும் அது பொருந்தும். நல்ல எண்ணத்தோடு மாமா சொன்ன செய்திக்கும் பொருந்தும்.