முதல் வேலைக்கு ரூ.15,000: யாருக்கு வரும், யாருக்கு வராது?

‘புதுசா வேலைக்குச் சேர்ந்தா ரூ.15,000 உண்டுன்னாங்க. ஆபீஸ்ல கேட்டா உனக்குக் கிடையாதுங்கிறாங்க.’ தூத்துக்குடியிலிருந்து வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. எழுதியவர்களில் துறைமுகக் கிடங்குகளில் மூட்டை ஏற்றுபவர்கள் உண்டு, மீன் பதனிடும் ஆலைக்குப் போகும் பெண்கள் உண்டு, சிப்காட்டில் இடம் கிடைத்த டிப்ளமோ இளைஞர்களும் உண்டு. பிரதமரின் ‘விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா’வுக்கு 2027 ஜூலை 31 வரைதான் கெடு. அதற்குள் வேலையில் சேர வேண்டும் என்பதால் எல்லோருக்கும் அவசரம்.

திட்டம் 2025 ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்தது. மாதச் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் புதியவருக்கு, பி.எஃப். கணக்கிடப்படும் ஒரு மாதச் சம்பளம், உச்சவரம்பு ரூ.15,000, இரண்டு தவணையில் வரும். ஆறு மாதம் வேலை பார்த்த பின் முதல் தவணை. பன்னிரண்டு மாதம் முடித்து, நிதிக் கல்விப் பாடத்தையும் முடித்த பின் இரண்டாவது. அதிலும் ஒரு பகுதியைச் சேமிப்பில் நிறுத்திவைப்பார்கள்.

சிக்கல் ‘புதியவர்’ யார் என்பதில் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 1-க்கு முன் எங்கேயும் பி.எஃப். உறுப்பினராக இல்லாதவரே அரசின் கணக்கில் புதியவர். எத்தனை வருடம் உழைத்தீர்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. உங்கள் பெயரில் யூ.ஏ.என். என்ற பழைய பி.எஃப். உறுப்பினர் எண் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த எண் ஒருமுறை பிறந்தால் ஆயுளுக்கும் கூடவே வரும்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 2022-இல், கல்லூரி விடுமுறையில், ஒரு காண்ட்ராக்டரிடம் இருபது நாள் வேலை பார்த்தார். அந்த நல்ல மனிதர் முறைப்படி பி.எஃப். கட்டினார். இன்னொருவர் மூன்று வருடமாக ஒரே காண்ட்ராக்டரிடம் மூட்டை சுமக்கிறார், பி.எஃப். என்ற பேச்சே இல்லை. திட்டம் வந்த பிறகு அவரைப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். முன்னவருக்கு ஒன்றும் கிடையாது. பின்னவர் ‘முதல் வேலை’க்காரர்.

பணம் அவரோடு நிற்பதில்லை. கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு ஆளுக்கும் முதலாளிக்கு மாதம் ரூ.3,000 வரை இரண்டு ஆண்டுக்கு உண்டு. உற்பத்தித் தொழில் என்றால் நான்கு ஆண்டு. ஐம்பது பேருக்குக் குறைவாக உள்ள இடத்தில் இருவரை, அதற்கு மேல் ஐவரை, கூடுதலாகச் சேர்த்து ஆறு மாதம் வைத்திருந்தால் போதும். ஏற்கெனவே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைப் பி.எஃப். பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறார்கள். நேற்றுவரை ஆட்களை மறைத்தவர் இன்று அவர்களையே காட்டினால் ‘கூடுதல் ஆள்’ ஆகிவிடும். பழைய பாக்கியை அதிகாரிகள் தோண்டினால் ஒழிய அவருக்கு லாபம்தான்.

ஆகவே ரூ.99,446 கோடியில் 3.5 கோடி வேலைவாய்ப்பு என்ற அறிவிப்பைப் படிக்கும்போது, எண்ணப்படுவது பதிவுகள் என்பதை மனதில் வையுங்கள். கணக்கில் இல்லாதவரைக் கணக்கில் கொண்டுவருவதும் நல்ல காரியமே. அதற்கு வேலைவாய்ப்பு என்று பெயர் வைப்பதுதான் உறுத்துகிறது.

ஒரு விஷயத்தைப் பாராட்ட வேண்டும். முன்பு ஆதார் நகல் கையில் இருந்தால் காண்ட்ராக்டரே யூ.ஏ.என். எண்ணைத் திறந்துவிடலாம்; தொழிலாளிக்குத் தெரியவே தெரியாது. இப்போது அரசின் உமாங் செயலியில் உங்கள் முகத்தைக் காட்டினால்தான் புதிய எண் பிறக்கும்.

மற்ற கேள்விகள்:

காண்ட்ராக்டர் பி.எஃப். கட்டாமல் ஓடிவிட்டால்? வேலை கொடுத்த மூல நிறுவனம்தான் பொறுப்பு.

பணம் எந்தக் கணக்குக்கு வரும்? ஆதார் இணைத்த உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக.

பணி நியமனக் கடிதம் கேட்கலாமா? 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி அது உங்கள் உரிமை.

சங்கு குளிப்பவர்களுக்கு? பங்குக்குக் கடலுக்குப் போகிறவருக்கு முதலாளியும் இல்லை, பி.எஃப்.பும் இல்லை; திட்டமும் இல்லை.

வேலையில் சேரும் வாரத்தில் நீட்டப்படும் படிவம் 11-இல், ‘ஏற்கெனவே உறுப்பினரா’ என்ற கட்டத்தை நீங்களே நிரப்புங்கள், மேஸ்திரியிடம் விட்டுவிடாதீர்கள். இரண்டாவது சம்பளம் வாங்கியதும் உமாங்கில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். முதல் மாதப் பணம் ஏறவில்லை என்றால் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள்.