கரப்பான் நோயும் அதனோடு வரும் பிற நோய்களும்

அரிப்பும் தடிப்பும் கூடிய தோல் நோய் எதுவாயினும் அதனைப் படை என்றோ சொறி என்றோ கரப்பான் என்றோ மாற்றி மாற்றிச் சொல்லுவது வழக்கம். பேச்சளவில் இதனால் தீங்கில்லை. மருந்து வாங்கும்போதுதான் தீங்கு நேர்கிறது. படை காளானால் விளைவது. சொறி, தோலைத் துளைத்து வாழும் சிற்றுண்ணியால் விளைவது. இவ்விரண்டும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். கரப்பானோ தொற்றுவதன்று. மருத்துவர்கள் இதனை எக்ஸிமா என்பர். பொங்கி வழிதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். சிவந்து, கொப்புளித்து, நீர் கசிந்து, பின்னர்ப் பொருக்குத் தட்டித் தடித்துப்போகும் தோலைக் கண்டவர்களுக்கு அதன் பொருத்தம் விளங்கும்.

இந்நோய் குழந்தைப் பருவத்தோடு நீங்கிவிடும் என்பது பலரது நம்பிக்கை. பெரும்பாலோர்க்கு அவ்வாறே நீங்குகிறது. சிலரிடம் அது வயது வந்த பின்னும் தொடர்கிறது. வேறு சிலரிடம் வயது வந்த பின்னரே முதன்முதலாகத் தோன்றுகிறது. அடோப்பி எனப்படும் ஒவ்வாமை இயல்புடைய குடும்பங்களில் இது மிகுதி. 1923-ல் கோக்கா, குக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வழங்கிய பெயர் அது. அக்குடும்பங்களில் ஒருவருக்கு ஆஸ்துமாவும், மற்றொருவருக்கு அடுக்குத் தும்மலும், மூன்றாமவருக்குக் கரப்பானும் காணப்படும். ஒருவருக்கே மூன்றும் அமைவதும் உண்டு. தோலின் மேலடுக்கை உறுதியாக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் ஜீன் பழுதுற்றிருப்பின் இந்நோய்க்கு இடமுண்டாகிறது என்பது 2006-ல் தெளிவாயிற்று. சாந்து உதிர்ந்த சுவர் போன்றது அத்தோல்: உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது, வெளியிலுள்ள தூசியும் கிருமியும் உட்புகுகின்றன.

ஆகவே கரப்பானால் வருந்துபவரிடம் தோலை மட்டும் பார்த்து அனுப்பிவிடுதல் போதாது. மூச்சு இரைக்கிறதா, இரவில் உறக்கம் உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். அரிப்பு இரவில் மிகும். வாரக்கணக்கில் உறக்கமிழந்தவர் வேலையில் தளர்வதும், நாளடைவில் மனச்சோர்வுக்கு ஆளாவதும் வியப்பன்று. கண்களை ஓயாது கசக்குபவர்க்கு விழிமுன்தோல் மெலிந்து கூம்பிப் பார்வை கெடுவதும் உண்டு. சொறிந்த புண்ணில் ஸ்டைபிலோகாக்கஸ் கிருமி குடியேறினால் சீழும் மஞ்சள் நிறப் பொருக்கும் தோன்றும். இவற்றினும் அஞ்சத்தக்கது, உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் கரப்பான் தோலில் பரவுதல் ஆகும். ஒரே அளவான சிறு கொப்புளங்கள் திடீரெனக் கூட்டமாக எழுந்து, வலியும் காய்ச்சலும் கண்டால், அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும்.

சிகிச்சையின் அடிப்படை எளியது. வெந்நீரையும் காரமான சோப்பையும் குறைத்து, குளித்த சில நிமிடங்களுக்குள் வாசலைன் போன்ற பசையைத் தோலில் தடவிவருதலே அது. பிலிப்பைன்ஸ் நாட்டில் வயது வந்த நோயாளிகளிடம் நடத்தி 2008-ல் வெளியான ஆய்வொன்றில், தேங்காயெண்ணெய் தோலிலுள்ள ஸ்டைபிலோகாக்கஸைக் குறைத்தது. வடநாட்டில் பெரிதும் வழங்கும் கடுகெண்ணெய் எரிச்சலூட்டுவது. கரப்பான் தோலுக்கு ஏற்றதன்று.

நோய் முனைந்து நிற்கும் நாட்களில் ஸ்டீராய்டு களிம்பு தேவைப்படும். 1952-ல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்போர் ஹைட்ரோகார்ட்டிஸோன் மேற்பூச்சின் பயனை அறிவித்தது தோல் மருத்துவத்தில் ஒரு திருப்பம். அதன் பெயரைக் கேட்டே அஞ்சுவோரும் உளர். அளவின்றி அள்ளிப் பூசுவோரும் உளர். ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு, விரல்கள் உட்பட இரு உள்ளங்கைகளின் அளவுள்ள பரப்புக்குப் போதும்.

நம் நாட்டில் நேரும் பெருங்கேடு வேறு. க்ளோபெட்டசால் போன்ற வன்மை மிக்க ஸ்டீராய்டோடு காளான் மருந்தையும் கிருமி மருந்தையும் கலந்த களிம்புகளை மக்கள் சீட்டின்றியே கடைகளில் வாங்கிப் பூசுகின்றனர். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாது என்று 2018-ல் மத்திய அரசு விதித்தும் இவ்வழக்கம் ஒழியவில்லை. படையின் மேல் இதனைப் பூசினால் அரிப்பு அடங்கும், காளான் அடங்காது. வளையம் போன்ற விளிம்பு மறைந்து, படை கரப்பானைப் போலவே தோற்றங்கொள்ளும். நோயாளியோ அதே களிம்பை மீண்டும் நாடுகிறார். முகம் வெளுக்கும் என்றெண்ணி இதனை நாள்தோறும் பூசுவோர்க்குத் தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் வெளித்தெரியும்.

களிம்பால் அடங்காத நோய்க்குப் புற ஊதாக் கதிர் சிகிச்சையும், மெத்தோட்ரெக்ஸேட், சைக்ளோஸ்போரின் முதலிய மருந்துகளும் உள. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப் ஊசி கடும் நோயையும் தணிப்பது, விலை மிகுந்தது. ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாகவே விழுங்கி, தாமாகவே நிறுத்துதல் கூடாது. நிறுத்தியவுடன் நோய் முன்னிலும் கடுமையாக மீளலாம்.

நெடுநேரம் நின்று பணிபுரிவோருக்கு, ஆசிரியர் உட்பட, கணுக்காலுக்கு மேல் நரம்பு புடைத்து, தோல் கறுத்துக் கரப்பான் தோன்றுவதுண்டு. காலின் இரத்த ஓட்டம் சீராகாமல் களிம்பு மட்டும் பூசிப் பயனில்லை. அவ்விடம் நாளடைவில் ஆறாத புண்ணாகும்.

மருந்து எதுவாயினும், நோயைத் தூண்டும் பொருள் அருகிலேயே இருக்குமாயின் அது தோற்கும். சிமெண்டிலுள்ள குரோமியத்தால் கொத்தனார் கைகளில் வரும் கரப்பான் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, பார்த்தீனியம் மற்றொன்று. அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்த இக்களை 1955-ல் புனேயில் கண்டறியப்பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பர். இன்று அது இல்லாத தரிசு நிலம் அரிது. அதன் உலர்ந்த துகள் காற்றில் பறந்து, பெரும்பாலும் வயலில் உழைப்போரின் முகத்திலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பானை உண்டாக்குகிறது. நோய் முற்றி மரணங்கள் நேர்ந்ததாகவும் குறிப்புகள் உள்ளன.

வெயிலால் வந்தது என்று இதனைத் தவறாகக் கருதுவதுண்டு. வெயில் படாத மேலிமை, காதின் பின்புறம், மோவாயின் அடி ஆகிய இடங்களிலும் தோல் தடித்திருந்தால் காற்றில் வரும் பொருளைச் சந்தேகிக்கவேண்டும். முதுகில் மருந்துத் துண்டுகளை இரண்டு நாள் ஒட்டிவைத்துச் செய்யும் சோதனையால் காரணம் உறுதிப்படும். கடும் நோயாளிகளுக்கு அசதையோப்ரின் பயனளிப்பதை டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் காட்டியுள்ளனர். பள்ளி மைதானத்தில் இக்களையை மாணவரைக் கொண்டு வெறுங்கையால் பிடுங்குவிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பூப்பதற்கு முன்னரே, கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்த பெரியவர்கள் வேரோடு களைவதே முறை. முன்பே கரப்பானோ ஆஸ்துமாவோ உடையவர் எவரையும் அப்பணியில் சேர்த்தலாகாது.